அறுபதுக்கு மேல் ஆதிதாளம்

பேருந்து நிறுத்தத்துக் கம்பியை விரலால் தட்டிப் பார்த்து, காதைச் சாய்த்து, திருப்தியில்லாமல் உதட்டைப் பிதுக்கும் ஒருவரை நீங்கள் கண்டிருக்கலாம். இரும்புக் கடைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு மிருதங்கம் கற்றுக்கொள்கிறவர் அவர். சென்னையில் எந்த அடுக்ககத்தைத் திறந்தாலும் இந்த இனத்தில் ஒருவராவது அகப்படுவார். எங்கள் அடுக்ககத்தில் அவர் இரண்டாம் மாடி, நான் முதல் மாடி. அவரைப் பற்றி எழுத எனக்கிருக்கும் தகுதி அந்த ஒரு மாடிதான்.

மாடிவீட்டு சாருக்குச் சின்ன வயதிலேயே மிருதங்க ஆசை. "முதல்ல கணக்குல பாஸ் பண்ணு, அப்புறம் கொட்டலாம்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பிள்ளை கணக்கில் பாஸானார், வங்கியில் சேர்ந்தார், முப்பத்தைந்து வருஷம் தணிக்கைப் பிரிவில் அடுத்தவர் கணக்கைத் தட்டிக் கேட்டார். ஓய்வு பெற்ற மறுவாரமே, அப்பாவின் நிபந்தனை பூர்த்தியாகிவிட்டது என்று மிருதங்கம் வாங்கக் கிளம்பிவிட்டார்.

"எந்த சுருதி சார்? ஆண் குரலுக்கா, பெண் குரலுக்கா?" என்று கேட்டிருக்கிறார் செய்பவர். தக்கு மிருதங்கம் பெரியது, 24 அங்குலம். ஹெச்சு மிருதங்கம் 22 அங்குலம். யாருடைய குரலுக்கும் வாசிக்கும் அபாயம் தற்போதைக்கு இல்லாத நம்மவர், "எது பார்க்க கம்பீரமா இருக்கோ அது" என்று தக்கு மிருதங்கத்தை வாங்கிவிட்டார். மிருதங்கம் பலாமரத்தைக் குடைந்து செய்வது. அது வந்திறங்கிய அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. காவலாளியும் நானும்தான் தூக்கிக்கொண்டு மாடியேறினோம். பலாப்பழம் சுமந்திருந்தால் நாலு சுளையாவது மிஞ்சியிருக்கும். எனக்குத் தோள்வலி மிஞ்சியது.

விஜயதசமியன்று வகுப்பு தொடங்கியது. மாணவருக்கு வயது 61, குருவுக்கு 24. இவர் அவரை "சார்" என்பார், அவரும் இவரை "சார்" என்பார். பக்கத்துப் பாயில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் மட்டும் குருவை "அண்ணா" என்றும் சக மாணவரைத் "தாத்தா" என்றும் அழைத்து உறவுமுறைகளை ஒழுங்குபடுத்திவிட்டான்.

தீபாவளிக்குள் ஒரு தீர்மானம், பொங்கலுக்குள் ஒரு சின்னத் தனி ஆவர்த்தனம் என்று சார் டைரியில் குறித்து வைத்திருந்தார். குரு எழுதிக் கொடுத்ததோ நான்கே சொற்கள்: த, தி, தொம், நம். அதை முதல் காலத்தில் வாசிக்க வேண்டும், பிறகு அதன் இரட்டிப்பில், பிறகு அதற்கும் இரட்டிப்பில். தீபாவளி வந்தது, த தி தொம் நம். பொங்கல் வந்தது, த தி தொம் நம். எங்கள் வீட்டுக் குக்கர்கூட அந்த வரிசையில்தான் விசிலடிப்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. பக்கத்துப் பாய்ப் பையன் அதற்குள் மோரா வரைக்கும் போய்விட்டான்.

இந்த நான்கில் அவருடைய ஜென்மப் பகை நம். வலப்பக்கத் தோலான வலந்தலையின் ஓரத்தில் ஆள்காட்டி விரல் விழ வேண்டும், மோதிர விரல் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மணி போல நாதம் எழும். சாருக்கு எழுந்தது 'டப்'. மோதிரம்தான் காரணம் என்று முடிவுகட்டி, கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்தார். நம் வரவில்லை. மோதிரத்தைப் பற்றிய விசாரணை வந்தது.

பிறகு பழியைக் கையின் மேல் போட்டார். "பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். நானும் கை மாத்தி வாசிச்சுப் பார்க்கலாமா சார்?" குரு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு ரெண்டு கையும் இப்ப ஒரே மாதிரிதான் இருக்கு சார். எதை எதுக்கு மாத்துறது?" என்றாராம். சாருக்குச் சமமான கைகள் அமைந்திருப்பதைக் குரு பாராட்டியதாகத்தான் இந்தச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தது.

மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். வாசிக்க உட்காரும்போது ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்ப வேண்டும், வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். தொம் என்ற கனமான ஒலி அந்த ரவையின் உபயம். குருவுக்கு ஓர் எலுமிச்சை அளவு ரவை போதும். நம்மவருக்குத் தொம் சரியாக வரும்வரை அப்பவும் சுரண்டவும் கால் கிலோ ஆகிவிடும். "ஏங்க, உப்புமாவுக்கு எடுத்து வச்ச ரவை எங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்போது, பதில் கூடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் உப்புமா நின்றுபோனதற்காக அவர் மகன் மட்டும் கர்நாடக இசைக்கு நன்றி சொல்கிறான்.

கை மக்கர் பண்ணினாலும் வாய்க்குத் தடையேயில்லை. இந்த இனத்தாரின் முக்கிய லட்சணம் அது. திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்று காய்கறிக்காரரிடம்கூட விளக்குவார். "கத்திரிக்காய் கண்டம் கொடுப்பா" என்று இவர் கேட்டதும் அவர் ஐந்து காயை எடுத்துப் போட்டதும் நான் கண்ணால் கண்டது.

தனியை முடித்துவைக்கும் கோர்வையின் கணக்கு வந்ததும் தணிக்கை அதிகாரி விழித்துக்கொண்டார். ஆதிதாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம். நாலு நடையில் முப்பத்திரண்டு மாத்திரை. முதலில் ஐந்து, பிறகு மூன்று ஒன்பது. கூட்டினால் முப்பத்திரண்டு, அடுத்த அடி சமம், அதாவது தாளத்தின் தொடக்கம். நீளக் கணக்கு நோட்டில் சிவப்பு மையால் கோடிழுத்து, கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டிருந்தார். நோட்டில் ஒரு மாத்திரை உதைக்காது. தோலில் வாசித்தால் முப்பத்திநாலு வரும், மனசு சரியில்லாத நாளில் இருபத்தொன்பது. அந்த வித்தியாசத் தொகை எங்கே போகிறது என்று இன்றுவரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள் மாடியேறி, "சார், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல சத்தம் வேண்டாமே" என்றார். இவர் உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தார். "சத்தமா? சர் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920லயே நேச்சர் பத்திரிகையில எழுதியிருக்காங்க. மத்த தோல்கருவிகள்ல கிளம்புற மேல் சுரங்கள் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. நம்ம மிருதங்கத்துல நடுவுல அப்பியிருக்கற பூச்சினால அதெல்லாம் சுருதியோட சேர்ந்து நிக்குது. அதனால இது சத்தம் இல்ல சார், நாதம்."

செயலாளர் காகிதத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "ராமன் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அது வாசிக்கத் தெரிஞ்சவங்க வாசிச்சா, சார்."

அன்று முதல் சாதகம் மாலை ஆறிலிருந்து ஏழுவரை என்று ஒப்பந்தம். மடக்கிய கால் இருபதாவது நிமிடத்தில் மரத்துப்போய்விடுவதால், மீதி நாற்பது நிமிடம் எழுந்திருப்பதற்குத்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு மார்கழியைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. போன டிசம்பரில் ஒரு கச்சேரிக்கு என்னையும் அழைத்துப் போனார். பிரதான உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், சபா தர்மப்படி வரிசை வரிசையாக எழுந்து கேன்டீனுக்குப் புறப்பட்டார்கள். குழிப்பணியாரம் சூடாக இருக்கும் என்று விசாரித்து வைத்திருந்த நானும் பாதி எழுந்தேன். சார் என் முழங்கையைப் பிடித்தார்.

"உக்காருங்க. இப்பதான் ஆரம்பிக்குது."

தொடையில் தாளம் போட்டார். அடிக்கடி பாடகரின் கையை ஓரக்கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டார். "இப்ப திஸ்ரம்... கேளுங்க, அந்த நம்மைக் கேளுங்க" என்று என் காதில் முணுமுணுத்தார். ஒன்றே கால் வருஷமாக நான் கீழிருந்து 'டப்' என்று கேட்டுவந்தது இப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு வருஷம் பிடிக்கும் என்பதும் கொஞ்சம் புரிந்தது. கோர்வை மூன்றாம் முறை வந்தபோது சாரின் உதடு எண்களை எண்ணியது. மேடையில் அடி விழுந்த அதே நொடியில் தொடையில் அவர் கையும் விழுந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் எந்தக் கிளையின் கணக்கு நேரானபோதும் அவர் முகம் இப்படி இருந்திருக்காது.

அவர் மேடையேறப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும், என் கூரைக்கும் தெரியும். ஆனால் தனி முடிந்து கைதட்டியபோது பார்த்தேன். எங்கள் வரிசையில் பதினான்கு நாற்காலி, உட்கார்ந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்.

கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பணியாரம் தீர்ந்துவிட்டது. ரவா உப்புமாதான் இருந்தது.