வொக்காப் மாமா

மயிலாப்பூரில் ஹிந்து பேப்பர் குறுக்கெழுத்தைப் பென்சிலால் போடுகிறவர்கள் சாதாரண மனிதர்கள். பேனாவால் போடுகிறவர் வொக்காப் மாமா. அடித்துத் திருத்தும் அவசியம் தனக்கு வராது என்பதை ஊருக்கு அறிவிக்கும் முறை அது. போட்டு முடித்ததும் பேப்பரை மடித்து வைக்க மாட்டார். கட்டங்கள் மேலே தெரியும்படி டீப்பாயில் கிடக்கும். வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா?

இவர் ஒரு ஆள் இல்லை, ஒரு வகையறா. லஸ் பக்கத்துச் சந்துகளில் கிடைப்பார். தி.நகர் நடேசன் பார்க் பெஞ்சில் கிடைப்பார். அடையாறு காந்தி நகரில் பால் பாக்கெட் வாங்க வரும்போதும் அகப்படுவார். ஏ.ஜி. ஆபீஸ், பாங்கு, ரயில்வே இவற்றில் ஏதோ ஒன்றில் ரிட்டயர் ஆனவராக இருப்பார். சர்வீஸ் முழுக்க அவர் எழுதிய ஆங்கிலம் ‘தங்கள் மேற்படி கடிதத்தின்பேரில்’ என்பதன் நாலைந்து தினுசுகள்தான். மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் ரிட்டயர் ஆன மறுநாள்தான் வெளியே வர ஆரம்பித்தன. இன்னும் நிற்கவில்லை.

அவருடைய ஆஸ்தி மூன்று. ஒன்று, லஸ்ஸில் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கி, முதுகுக்கு காக்கித் துணி ஒட்டிய சேம்பர்ஸ் அகராதி. இரண்டு, நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’. மூன்று, பாங்கில் கொடுத்த பழைய டைரி. டைரியில் லத்தீன் வேர்கள் சிவப்பு மையில், கிரேக்க வேர்கள் பச்சை மையில். ஆங்கிலத்திலேயே பிறந்த சின்னச் சின்னச் சொற்களுக்கு மையே கிடையாது. “அதெல்லாம் ஆத்துப் பேச்சுடா, எழுதி வெச்சுக்கணுமா?” என்பார்.

வகையறாவுக்கு மூலபுருஷர் உண்டு. வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் 1869இல் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் ஹெட்மாஸ்டராக இருந்து, பிற்பாடு இங்கிலாந்துக்காரனே வாய் பிளந்து கேட்கும்படி இங்கிலீஷ் பேசி ‘வெள்ளி நாக்கர்’ என்று பெயர் வாங்கிய வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. லஸ்ஸில் ரானடே லைப்ரரியோடு சேர்ந்து அவர் பெயரில் ஒரு ஹால் இருக்கிறது. அங்கே எந்தப் பொருளில் சொற்பொழிவு நடந்தாலும் மாமா முன்வரிசையில் இருப்பார். பொருள் அவருக்கு முக்கியமில்லை. பேசுகிறவர் எந்தச் சொல்லில் எந்த அசையை அழுத்துகிறார் என்பதே கவலை. கடைசியில் கேள்வி நேரத்தில் எழுந்து, “எனக்குக் கேள்வி இல்லை, ஒரு சின்ன திருத்தம்” என்பார். ஏற்பாட்டாளர்கள் அவரைக் கண்டதும் மைக்கை மறைத்து வைக்கப் பழகிவிட்டார்கள்.

இத்தனை சொற்களும் புழங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமே, அதுதான் கஷ்டம். ஒரு நாள் லஸ் கார்னரில் ஆட்டோவை நிறுத்தி மந்தைவெளிக்குக் கேட்டார். மீட்டர் ஓடாது, நூற்றைம்பது என்றார் டிரைவர். அநியாயம் என்பதற்கு மாமா நெஞ்சை நிமிர்த்தி, “திஸ் இஸ் அன்கான்ஷனபிள்!” என்றார்.

டிரைவர் பதறிப்போய் வண்டியை விட்டு இறங்கினார். “இன்னா சார், அன்கான்ஷியஸா? யாருக்கு? ராயப்பேட்டா ஆஸ்பத்திரி கிட்டக்கத்தான் இருக்கு, ஏத்துங்க சார், துட்டு அப்பறம் பாத்துக்கலாம்.”

அந்த நல்ல மனசுக்கு முன்னால் மாமாவால் பேரத்தைத் தொடர முடியவில்லை. நூற்றைம்பதுக்கே போனார். ஆனால் மந்தைவெளி வரும்வரை இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே, ‘ஸ்கியோ’, அறிதல் என்று அர்த்தம், சயன்ஸ் என்பதும் அதிலிருந்தே வந்தது என்று டிரைவருக்குப் பாடம் நடந்தது. இறங்கும்போது டிரைவர் இருபது ரூபாய் திருப்பிக் கொடுத்தார். பாடத்துக்கு தட்சணையா, சீக்கிரம் இறங்கினாரே என்ற நன்றியா, தெரியவில்லை.

மாமாவுக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. அது அமெரிக்க மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.ஈ. தேர்வின் காலம். அடையாறிலும் தி.நகரிலும் பி.ஈ. படித்த பிள்ளை உள்ள வீட்டிலெல்லாம் தலையணை கனத்தில் ஒரு பேரன்ஸ் புத்தகம் இருக்கும். அதில் 3,500 சொற்கள். பட்டியல் ‘அபேஸ்’ என்ற சொல்லில் ஆரம்பிக்கும். பையன்கள் திங்கட்கிழமை அபேஸ், அபாஷ், அபேட் என்று உரக்கப் படிப்பார்கள். புதன்கிழமை கிரிக்கெட் வந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடி அபேஸ். ‘ஏ’ வரிசையைத் தாண்டாமலே அமெரிக்கா போய், ‘ஏ’ வரிசையை வைத்தே எம்.எஸ். முடித்தவர்கள் இந்த ஊரில் அநேகர்.

அவர்களைக் கரையேற்றத்தான் மாமா வேர்ச்சொல் வகுப்பு எடுத்தார். பீஸ் கிடையாது. மாமி காபி கொடுப்பாள். “மனப்பாடம் பண்ணாதேடா, பிரிச்சுப் பாரு. ஆம்புல்னா நடக்கறது. சாம்னஸ்னா தூக்கம். தூக்கத்துல நடக்கறவன் சாம்னாம்புலிஸ்ட். முன்னாடி நடந்து வர்றது ப்ரீஆம்பிள். போர்க்களத்துல கூடவே நடந்து வந்த ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ். ஒரு வேரைப் பிடிச்சா பத்துச் சொல் கையில வரும்.” உண்மையிலேயே வந்தது. ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் விசாவுக்கு நின்ற பிள்ளைகளிடம் கான்சலேட் அதிகாரி கேட்டதோ, பீஸ் யார் கட்டுகிறார்கள் என்று மட்டும்தான். அப்பா என்று சொல்ல 3,500 சொற்களில் ஒன்றும் தேவைப்படவில்லை.

2011 ஆகஸ்டில் இடி விழுந்தது. ஜி.ஆர்.ஈ.யிலிருந்து எதிர்ச்சொல் கேள்விகளையும், இதற்கு இது என்றால் அதற்கு எது என்ற ஒப்புமைக் கேள்விகளையும் ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். “கச்சேரியிலேர்ந்து தனி ஆவர்த்தனத்தை எடுத்துட்டான்!” என்று மாமா அன்று ராத்திரி மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார். 2023 செப்டம்பரில் ஏறக்குறைய நாலு மணி நேரத் தேர்வே இரண்டு மணிக்குள் சுருங்கியது. அதற்குள் மாமாவின் திண்ணை காலியாகி வருஷங்கள் ஆகியிருந்தன. சொல்லுக்கு அர்த்தம் வேண்டும் என்கிறவன் செல்லைத் தட்டுகிறான், காபிக்காக யார் வருவார்கள்?

பிறகு மிஞ்சியது நாகேஸ்வர ராவ் பூங்கா. அங்கே மாமாவுக்கு ஜென்ம எதிரி ஒருவர் உண்டு. அடையாறிலிருந்து பஸ் ஏறி வரும் ரிட்டயர்டு தமிழ்ப் பேராசிரியர். மாமா, 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசியதில் ஆரம்பிப்பார். சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். “தந்தம்தான் டென்டிஸ்ட், பாதம்தான் பெடல், அக்னிதான் இக்னிஷன்.” பேராசிரியர் உடனே 1816க்கு வருவார். தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்று அச்சில் எழுதியவர் எல்லிஸ், எழுதியது இதே மெட்ராஸில். “கல்கத்தாவில் சொன்னால்தான் கேட்பீரா ஐயா?” என்பார். அடுத்தது, மொழிகளுக்கெல்லாம் தமிழே மூலம் என்ற பாவாணர். அவருக்கு அடுத்தது குரல் உயரும். நடக்க வந்தவர்கள் இந்த பெஞ்சைக் கடக்கும்போது மட்டும் ஓடுவார்கள். இருவரும் ஒத்துப்போவது கட்டுமரத்திலும் மிளகுத்தண்ணீரிலும் மட்டுமே. ‘கேட்டமரான்’, ‘மல்லிகட்டானி’ இரண்டும் தமிழ் என்பதில் தகராறு இல்லை. ஆகவே தினமும் சண்டை மிளகு ரசத்தில் முடிந்து, இருவரும் டிபனுக்குக் கிளம்புவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தெற்கு மாட வீதியில் பூ விற்கும் அம்மா, மாமியிடம் ஒரு விஷயம் சொன்னார். மகள் கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் மீடியம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2020இல் தமிழ்நாட்டில் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சீட்டு கிடைத்துவிட்டது. நீட்டைத் தாண்டிய பெண் அனாடமி புத்தகத்தின் முன் உட்கார்ந்து அழுகிறாள். ஒரு பக்கத்தில் நாற்பது சொற்கள் புதுசு. “பார்க்ல போயி கத்தறதுக்கு இந்தக் கொழந்தைக்குச் சொல்லித் தாங்கோளேன்” என்றாள் மாமி.

பெண் வந்தாள். புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினாள். “இதைப் படிக்கவே முடியல சார்.”

ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பயப்படாதேம்மா, மூணு துண்டு. ஸ்டெர்னோன்னா நெஞ்செலும்பு. கிளைடோ கிரேக்கத்துல சாவி, அந்த வடிவத்துல இருக்கற காறையெலும்பு. மாஸ்டாய்டு, காதுக்குப் பின்னால இருக்கற எலும்பு மேடு.”

பெண் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “சார், தலையை அந்தப் பக்கம் திருப்புங்க” என்றாள். மாமா திருப்பினார். கழுத்தில் ஒரு பட்டை நரம்பு மாதிரி விடைத்துக்கொண்டு நின்றது. அவள் நெஞ்செலும்பிலிருந்து காதின் பின்புறம் வரை விரலால் ஒரு கோடு இழுத்தாள். “அப்போ இந்தத் தசை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பேருலயே இருக்கு! இதுக்காகவா நாலு நாளா அழுதேன்?”

மாமா தலையைத் திருப்பியபடியே இருந்தார். ஆயுசு முழுக்க டைரியில் சேர்த்த சொல் ஒன்று தன் கழுத்திலேயே இருந்திருக்கிறது.

அன்று திறந்த கடை சாத்தவில்லை. ஹெபட் என்றால் கல்லீரல், நெஃப்ர் என்றால் சிறுநீரகம், ஐடிஸ் என்றால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. கோலே பித்தம், சிஸ்ட் பை. ஆகவே கோலிசிஸ்டெக்டமி பித்தப்பையை எடுப்பது. டாக்கி வேகம், பிராடி மெதுவு. அவள் விடுதித் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். நால்வரும் தமிழ் மீடியம், நால்வருக்கும் பில்டர் காபி பழகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷிலேயே வளர்ந்த பையன்கள் மொத்தச் சொல்லையும் அப்படியே விழுங்குகிறார்கள். சொல்லை உடைத்துப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது இந்தப் பெண்களுக்குத்தான். மாமாவின் சரக்கு ஜி.ஆர்.ஈ. பையன்களுக்கு ஒரு சனிக்கிழமை காலைக்கு உதவியது. இவர்களுக்குப் பிழைப்புக்கே உதவுகிறது.

பேராசிரியருக்குச் செய்தி போயிற்று. மறுநாளே வந்து நின்றார். “யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் டாக்டர் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், கலைச்சொல்லும் ஆக்கினார். நீர் கிரேக்கம் ஊட்டுகிறீர்!” மாமா பதிலுக்கு வாயைத் திறக்குமுன் பெண் குறுக்கே வந்தாள். “ரெண்டும் வேணும் சார். பரீட்சையில கிரேக்கம் எழுதணும், வார்டுல எங்க ஏரியா ஆயா வந்தா தமிழ்ல சொல்லணும். நீங்களும் வாங்களேன், கல்லீரல் அழற்சிக்கு மேல எனக்குத் தமிழும் தெரியல.” இப்போது திண்ணையில் இரண்டு ஆசிரியர்கள். பூங்காவில் நடக்கிறவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள்.

போன வாரம் அந்தப் பெண் பி.பி. பார்க்கும் கருவியோடு வந்தாள், கை பழக. மாமாவின் கையில் பட்டையைச் சுற்றினாள். “சார், பேசினா பி.பி. ஏத்திக் காட்டும். அஞ்சு நிமிஷம் அமைதியா இருங்க.”

“இருக்கேன்மா. ஆனா இதோட முழுப்பேர் தெரியுமோ? ஸ்ஃபிக்மோமானோமீட்டர். ஸ்ஃபிக்மோஸ்னா நாடித்துடிப்பு...”

நூற்று அறுபது. காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மாமா ஸ்டெதஸ்கோப்புக்கு வந்திருந்தார். நூற்று அறுபத்தைந்து. மூன்றாம் தடவை அவள் பட்டையைக் கழற்றியே விட்டாள்.

“உங்களுக்கு பி.பி. இல்ல சார். லோகோரியா.”

மாமாவின் முகம் மலர்ந்தது. அவர் டைரியில் ஏறாத சொல். “பேஷ்! பிரிச்சுடலாம். லோகோஸ்னா சொல். ரியான்னா ஒழுகறது, டயரியாவுல வர்றதே, அந்த ரியா. ஆக, சொல்லு நிக்காம...” என்று வந்தவர் அங்கேயே நின்றார்.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. “கல்யாணம் ஆன நாளா இருக்கும்மா இது. பேருதான் இன்னிக்குத் தெரிஞ்சுது.”