பழைய எண் 14, புதிய எண் 27

குவீன்ஸ்லாந்தில் பாலம் கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு என்னைப் பிடித்துப்போனது. நேர்காணல் பிரிஸ்பேன் நேரப்படி காலை 10 மணிக்கு. நமக்கு அது விடியற்காலை 5.30. மாதமோ மார்கழி. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பைல் அடித்தளம் பற்றி நான் ஆரம்பிக்கவும், பெருமாள் கோயில் ஸ்பீக்கர் திருப்பாவையை ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. திரையில் இருந்த அம்மையார் சற்று நேரம் காது கொடுத்துவிட்டு, பாட்டு நன்றாக இருக்கிறதே என்றார். ஆண்டாள் சிபாரிசில்தான் வேலை கிடைத்தது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் அனுபவத்துக்கும் அதில் பங்கு உண்டா என்று கேட்டால், "அதுவும்தான்" என்கிறாள்.

நிறுவனத்துக்குப் பிடித்தால் மட்டும் போதாது, நாட்டுக்கும் பிடிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் 482 என்ற எண் கொண்ட வேலை விசா 2024 டிசம்பர் 7 முதல் புதுப் பெயரில் நடக்கிறது. முதலில் நிறுவனம் தன்னை ஸ்பான்சராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு இன்ன வேலைக்கு இன்ன ஆள் என்று முன்மொழிய வேண்டும். அதற்கும் முன்னால், உள்ளூரில் ஆள் தேடியதற்கு அத்தாட்சியாக 28 நாளாவது விளம்பரம் போட்டிருக்க வேண்டும் என்பது பொது விதி. பெண் பார்த்துப் பூ வைத்த பிறகு தரகரிடம் வேறு ஜாதகம் இருக்கிறதா என்று விசாரிப்பதைப் போல, என்னைப் பேசி முடித்த நிறுவனம் என் வேலைக்கே விளம்பரம் போட்டது. அதை நானும் பார்த்தேன். தகுதிப் பட்டியலைப் படித்தபோது, இவர்களுக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. நல்லவேளையாகக் கிடைக்கவில்லை. சம்பளத்துக்கும் தரை உண்டு. இந்த வகை விசாவுக்கு 2025 ஜூலை நிலவரப்படி ஆண்டுக்கு 76,515 ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழே போகக் கூடாது. இதெல்லாம் அவர்கள் பாடு.

என் பாடு படிவம் 80-இல் தொடங்கியது.

இந்தப் படிவத்தை எல்லாரிடமும் கேட்பதில்லை. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருபது பக்கத்தை நெருங்கும் அந்தத் தாள்களில் அவர்கள் கேட்பது என் வாழ்க்கை வரலாறு; அதுவும் இடைவெளி இல்லாமல். கடந்த பத்து ஆண்டுகளில் எங்கெல்லாம் குடியிருந்தேன், எப்போதிலிருந்து எப்போது வரை? வங்கியிலோ தாசில்தார் ஆபீசிலோ வேலை பார்ப்பவர் இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். நான் சைட் இன்ஜினியர். ரோடு எங்கே போகிறதோ அங்கே என் வீடு. சேலம் பக்கம் நாற்கரச் சாலை போட்டபோது தகரக் கொட்டகையில் இருந்தேன். அதற்கு முகவரி, கிரஷர் போகும் வழியில் புளியமரத்துக்கு எதிர்ப்பக்கம். டீக்கடைக்காரர் பெயரைப் போட்டால் கடிதம் தப்பாமல் வரும். படிவத்தில் 'தெரு எண்' என்ற கட்டத்தில் டீக்கடைக்காரர் பெயரை எழுத இடமில்லை.

சென்னை வீடு பரவாயில்லை, அதற்கு எண் இருந்தது. பிரச்சினை, இரண்டு இருந்ததுதான். பழைய எண் 14, புதிய எண் 27. வீட்டுக்காரர் பழையதைத்தான் எழுதுவார், மின்வாரியத்துக்குப் புதியது, கூரியர்காரருக்கு எதுவும் வேண்டாம், போன் நம்பர் போதும். வாடகை ஒப்பந்தத்தில் ஒன்றும் வங்கிக் கணக்கில் மற்றொன்றும் இருந்ததால், தாள்களின்படி நான் ஒரே காலத்தில் இரண்டு வீடுகளில் குடியிருந்தேன். ஒப்பந்தம் வேறு பதிவுச் செலவுக்குப் பயந்து பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே நான் தெருவில் நின்றேனா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

இடையில் சிங்கப்பூரில் இருந்த காலத்தை மட்டும் ஒரு மூச்சில் எழுதி முடித்தேன். அங்கே ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் கட்டடத்தின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். நம் ஊரிலும் 1972 முதல் அதே ஆறு இலக்கம்தான். தபால் ஆபீஸ் வரைக்கும் கூட்டிப் போகும், அதற்கு மேல் நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தேதிகளுக்கு என் மனைவியை நம்பினேன். அவளுடைய நாட்காட்டியில் மாதங்கள் கிடையாது, பேரிடர்கள்தான் உண்டு. "அந்த மாடி வீட்டை எப்போ காலி பண்ணோம்?" என்றால், "வீட்டுக்காரர் அட்வான்ஸ் பூராவும் ஐந்நூறு ரூபாய்க் கட்டா கொடுத்தாரே, ரெண்டு நாள்ல செல்லாதுன்னு டிவியில சொன்னாங்களே, அப்போ" என்பாள். 2016 நவம்பர் என்று குறித்துக்கொள்வேன். "அடுத்த வீட்டுக்கு வந்து?" "பால் காய்ச்சினதும் வர்தா புயல் வந்து முருங்கை மரம் விழுந்துச்சே!" டிசம்பர். இப்படியே புயல் புயலாக நகர்ந்து, கொரோனா ஊரடங்கில் வந்து நின்றோம். ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. வானிலை ஆய்வு மையத்திடம்கூட எங்கள் வீட்டு வாடகை விவரத்துடன் சேர்த்து இவ்வளவு சுத்தமான பதிவேடு இருக்காது.

இந்தக் கலை குடும்பத்துக்குப் பொதுவானது போலும். அப்பா, அம்மா பிறந்த தேதியையும் படிவம் கேட்கிறது. அம்மா பிறந்தது தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருடத்தில், புயலுக்கு முன்னாலா பின்னாலா என்பதில் இரண்டு அத்தைகளுக்கும் கருத்து வேறுபாடு. 1964 என்பது வரைக்கும் உறுதி. ஆதார் அட்டையோ, ஜனவரி 1 என்று யாரையும் கேட்காமல் தீர்ப்பு சொல்லிவிட்டது. அப்பாவுக்குத் தலைமையாசிரியர் வைத்த பிறந்தநாள். அதே தலைமையாசிரியர்தான் சித்தப்பாவுக்கும் வைத்தார், நான்கு மாதம் தள்ளி. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் தலைமையாசிரியர் தப்பித்தார்.

பெயர், இனிஷியல் விவகாரத்தை இங்கே எழுதப் போவதில்லை. பாஸ்போர்ட் எடுத்த தமிழர் ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையில் ஒரு பிரதி இருக்கிறது.

வேலை இல்லாத காலத்தையும் எழுதச் சொல்கிறார்கள். ஒரு கம்பெனிக்கும் அடுத்த கம்பெனிக்கும் நடுவே சில மாதம் ஊரில் இருந்தேன். அப்போது செலவுக்கு என்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "எங்கம்மாதான் சோறு போட்டான்னு எழுதுடா, பொய்யா எழுதப் போறே?" என்றாள். ஆங்கிலத்தில் அதைக் கௌரவமாக எழுதினேன்.

கடைசிப் பக்கங்கள் கொஞ்சம் கடுமையானவை. போர்க்குற்றத்தில் ஈடுபட்டதுண்டா, ஆயுதக் குழுவில் இருந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டே வந்து, ஆயுதப் பயிற்சியோ வெடிபொருள் பயிற்சியோ பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி. கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பரேடு முடிந்ததும் கிடைக்கும் புரோட்டாவுக்கும் ஆம்லெட்டுக்கும்தான் போனேன் என்றாலும், வருடத்துக்கு ஒரு முறை துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சுடச் சொன்னதும் உண்மை. குண்டு எங்கே போனது என்று எனக்கும் தெரியாது, ஹவில்தாருக்கும் தெரியாது. வெடிபொருளோ, சாலை வேலையில் பாறை வந்தால் வெடி வைத்துத்தான் ஆக வேண்டும். லைசென்ஸ்காரர் வைப்பார், நான் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு, ஆடு மேய்ப்பவர்களை விரட்டிக்கொண்டு அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பேன். இரண்டையும் உள்ளபடியே எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், நானே எனக்கு விசா கொடுக்க மாட்டேன்.

ஆங்கிலத் தேர்வு எனக்குத் தேவைப்படவில்லை. உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ ஐந்து ஆண்டு முழுநேரமாக ஆங்கில வழியில் படித்திருந்தால் விலக்கு உண்டு. பதினொன்று, பன்னிரண்டும் பொறியியல் நான்கு ஆண்டும் ஆங்கில வழி; ஆக ஆறு. சான்றிதழ்தான் வேண்டும். எங்கள் கல்லூரியில் ஆங்கில வழிக் கல்வி என்றால், "ஸோ, இந்த பீம்ல நடு சென்டர்ல லோட் கொடுத்தா பெண்டிங் மொமென்ட் எங்கடா மேக்ஸிமம் ஆவும், சொல்லித் தொலை" என்பதுதான். பாடத்தில் ஒரு குறையும் இல்லை, அந்த பீம்கள் இன்றும் நிற்கின்றன. முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் பயின்றதாகச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டபோது கிளார்க் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி விண்ணப்பம் எழுதச் சொன்னார். தமிழில் எழுதினால் சீக்கிரம் நகரும் என்றும் சொன்னார்.

பழைய கம்பெனிகளிடம் வெறும் அனுபவச் சான்று வாங்கினால் போதாது. என்னென்ன வேலை பார்த்தேன் என்று விவரமாக லெட்டர்ஹெட்டில் வேண்டும். எல்லா மேனேஜர்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நீயே டைப் பண்ணிக் கொண்டு வாப்பா, கையெழுத்து போட்டுத் தர்றேன்." சைட்டில் நான் உண்மையில் செய்தது, கான்கிரீட் லாரி வராத ராத்திரிகளில் டிரைவருக்கு விடாமல் போன் அடிப்பது, ஊர்ப் பெரியவர்கள் வழி மறித்தால் டீ வாங்கிக் கொடுத்துப் பேசி அனுப்புவது, கொட்டகைக்குள் பாம்பு வந்தால் பிடிக்கிறவரைக் கூட்டி வருவது. நடுநடுவே பாலமும் கட்டினோம். கடிதத்தில் பாலம் மட்டும் வந்தது. படித்துப் பார்த்த மனைவி, "இதெல்லாம் நீங்க செஞ்சதா? ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை மரியாதையோடு பார்த்தது அன்றைக்குத்தான்.

இவை அனைத்தையும் கலரில் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், ஒரு கோப்பு 5 எம்.பி.க்கு மிஞ்சக் கூடாது. ஆகவே என் வரலாறு முழுவதும் தெருமுனை ஜெராக்ஸ் கடை வழியாகத்தான் ஆஸ்திரேலியா போனது. கடைக்கார அண்ணன் படிக்காமல் எதையும் ஸ்கேன் செய்வதில்லை. "சேலத்துல இவ்ளோ கம்மியாவா தம்பி சம்பளம் கொடுத்தாங்க?" என்று அவர் வருத்தப்பட்டபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள். புதுச் சம்பளம் எவ்வளவு என்று அதன் பிறகு தெருவில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

16 வயதுக்குப் பிறகு, கடந்த பத்து ஆண்டுகளில் எந்த நாட்டில் ஓராண்டு தங்கியிருந்தாலும் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும். இந்தியச் சான்று சுலபம். பாஸ்போர்ட் சேவை மையத்தில் 500 ரூபாய் கட்டினால் ஆயிற்று. விசாரிக்க வந்த போலீஸ்காரரைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூர் போலீசுக்கோ, பத்து விரல் ரேகையையும் படிவத்தில் பதிந்து அனுப்ப வேண்டும், அதிகாரமுள்ள ஒருவர் முன்னிலையில். ஸ்டேஷனுக்குப் போனேன்.

"என்ன கேஸ்?" என்றார் ரைட்டர்.

"கேஸ் இல்ல சார். ரேகை கொடுக்கணும்."

"கேஸ் இல்லாம ரேகை எதுக்கு?"

"கேஸ் இல்லைன்னு காட்டுறதுக்குத்தான் சார்."

அவர் ஏட்டய்யாவைக் கூப்பிட்டார். ஏட்டய்யா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் சர்வீஸில் தானாக நடந்து வந்து பத்து விரலையும் நீட்டிய ஆளை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். உலகின் முதல் விரல்ரேகைப் பணியகம் 1897-இல் நம் கல்கத்தாவில்தான் திறக்கப்பட்டது. எங்கள் ஸ்டேஷனின் மை அப்போது வாங்கியதாக இருக்கலாம், காய்ந்து கிடந்தது. எதிர்க்கடையில் புதுசு வாங்கி வந்து உருட்டியபோது, கட்டை விரலில் ரேகை சரியாக விழவில்லை. "சிமெண்ட்ல கை வச்சு தேஞ்சிருக்கு" என்று தொழில் தெரிந்தவராகச் சொன்ன ஏட்டய்யா, ஒவ்வொரு விரலாகப் பிடித்து அழுத்தி உருட்டினார். "தம்பி நல்ல ஆளாத்தான் தெரியுது" என்றும் சொன்னார். அதை லெட்டர்ஹெட்டில் கேட்டிருக்கலாம்.

மருத்துவப் பரிசோதனை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும், மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், முடிவு ஆன்லைனில் நேராக அங்கே போய்விடும். "டாக்டர் என்னடா சொன்னார்?" என்று அம்மா கேட்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆஸ்திரேலியாவிடம் சொல்லிவிட்டார்.

மாமனாருக்கு ஒரே கவலை: போன இடத்தில் வேலை போய்விட்டால்? ஒரு தடவைக்கு 180 நாள் வரை வேறு ஸ்பான்சரைத் தேடலாம், 2024 ஜூலைக்கு முன்பு வெறும் 60 நாள்தான் என்று விளக்கினேன். அவர் 180 நாளையும் விட்டுவிட்டு 60 நாளை நினைத்துக் கவலைப்பட்டார்.

விண்ணப்பம் போயாயிற்று. கட்டணம் ஆளுக்கு 3,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், மனைவிக்கும் அதே. கட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். இதற்குள் "ஸ்பான்சருக்கு எத்தனை லட்சம் கொடுத்தே?" என்று கேட்காத உறவினர் இல்லை. ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. விசா ஸ்பான்சர்ஷிப்பை விற்பதும் வாங்குவதும் 2015 டிசம்பர் முதல் அங்கே சட்டப்படி தண்டனைக்குரியது. நிறுவனம் அரசுக்குக் கட்டும் பயிற்சி நிதியை, ஆண்டுக்கு 1,200 அல்லது 1,800 டாலர், தொழிலாளி தலையில் கட்டவும் கூடாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கங்காரு படம் போட்ட போர்டுக்குக் கீழே உட்கார்ந்து எட்டு லட்சம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவரே எழுந்து போய்விடுவார்.

ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு எந்த வீட்டில் இருக்கிறீர்களோ, அந்த முகவரியை மாதம், வருடத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும். வேலையை விடும்போது, பொறுப்புகள் எழுதிய கடிதத்தைப் பிரியாணி பார்ட்டிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பார்ட்டி முடிந்தால் மேனேஜர் போனை எடுக்க மாட்டார்.