விளம்பர இடைமுகத்தின் பதிப்பு மாற்றங்களும் நெளுக்குளத்தில் அவற்றைப் பின்தொடரும் முறைமையும்

இணைய விளம்பர இடைமுகம் என்பது, ஒருவர் எழுதிய நிரல் கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்களின் கணினியிடம் மனிதக் கை படாமல் விளம்பர வேலை கேட்பதற்கான ஒழுங்குவிதிகளின் தொகுதி. தொழிலில் இருப்பவர்கள் ஏபிஐ என்பார்கள். ஐந்தாறு விளம்பரம் போடுகிறவருக்கு இது தேவையில்லை. திரையில் பொத்தானை அழுத்தினால் போதும். ஆயிரம் பொருள், பொருளுக்கொரு விளம்பரம், காலையில் ஒரு விலை மாலையில் ஒரு விலை என்று போகும் கடைக்கு விரல் காணாது. அப்போதுதான் நிரல் வருகிறது. அது எந்த முகவரிக்குப் போக வேண்டும், எதை எந்தப் பெயரால் கேட்க வேண்டும், காசை எந்த அலகில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இடைமுகத்தில் வகுக்கப்பட்டிருக்கும். வகுத்தது வகுத்தபடி நிற்பதில்லை. கூகுளின் இடைமுகம் வருடத்துக்குப் பல தடவை புதிய பதிப்பாக வெளிவருகிறது. ஒரு பதிப்பின் ஆயுள் ஏறத்தாழ ஒரு வருடம். மாறுவதைக் கண்டு நிரலைத் திருத்திக்கொண்டே இருப்பது பின்தொடர்தல் எனப்படும். உலக அறிவுத்துறைகளில் உரிய ஆசனம் இன்னும் கிடைக்காத இச்செயலே இங்கு ஆராயப்படுகிறது.

ஆய்வுக் களம் வவுனியா மாவட்டத்தில், மன்னார் வீதியை ஒட்டிய நெளுக்குளம். அதே வீதியில் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த நிறுவனமே பதிப்பு மாற்றத்துக்கு நல்ல உதாரணம்: 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம், 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். அங்கே கணினி படித்து வெளியேறும் ஒருவர், கொழும்புக்குப் போகாமல் நெளுக்குளத்தில் அறையொன்றில் இருந்தபடி லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள தமிழ்க் கடையின் விளம்பரத்தை நடத்துகிறார் என்று வைத்துக்கொண்டால் ஆய்வுக்குப் போதும். இந்த உத்தேச மனிதர் இனிமேல் நிரலாளர் என்றே குறிக்கப்படுவார்.

ஒப்பீட்டுக்காக, இப்பகுதியின் மூத்த விளம்பர இடைமுகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ. கடைக்காரர் ஒரு தாளில் வாசகத்தை எழுதிக் கொடுப்பார். எந்த எந்த ஒழுங்கையால் போக வேண்டும் என்று வாயால் சொல்வார். காசில் பாதி முதலில், மீதி பிறகு. கசெற் போய் பென்டிரைவ் வந்ததைத் தவிர இந்த முறையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பழைய கசெற்றைக் கொண்டுவந்தவரிடமும் ஓட்டோக்காரர், இந்த வடிவம் ஏற்கப்படாது என்று கடிதம் அனுப்பியதாகப் பதிவு இல்லை.

கூகுளின் விளம்பர இடைமுகம் 2005இல் வெளியானது. அதன் வரலாற்றை ஆய்வாளர் மூன்று காலமாகப் பிரிக்கலாம். முதலாவது எண் காலம்: ஒன்று, இரண்டு என்று ஏறி 13ஆம் பதிப்பு வரை போனது. இரண்டாவது ஆண்டுக் காலம்: 2009 முதல் பதிப்புகளுக்கு வருடமும் மாதமும் பெயராயின, 201109 என்றால் 2011 செப்ரெம்பர். இந்த வரிசையில் கடைசி 201809. மூன்றாவது, மறு எண் காலம்: ஆட்வேர்ட்ஸ் என்ற சேவை 2018 யூலையில் கூகுள் ஆட்ஸ் ஆனது, இடைமுகமும் புதிதாக எழுதப்பட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. இதனால் 2023 தொடக்கத்தில் இன்னொரு 13ஆம் பதிப்பு பிறந்தது. யாழ்ப்பாண அரசர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்று இரண்டு பட்டப்பெயர்களையே மாறி மாறிச் சூடியதால் வரலாற்றாசிரியர்களுக்கு ஏற்பட்ட தலையிடி, பழைய குறிப்பொன்றில் 13 என்று கண்டு பாதிநாள் மினைக்கெடும் நிரலாளருக்கும் இப்படித்தான் வாய்த்தது.

மாற்றங்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. பெயர் மாற்றம் இலேசு, தேடி மாற்றிவிடலாம். நீக்கம் அப்படியல்ல. ஒரு விளம்பரம் தேடல் பக்கத்தில் சராசரியாக எத்தனையாம் இடத்தில் வந்தது என்று சொல்லும் எண் ஒன்று இருந்தது. கடைக்காரர்கள் விரும்பிக் கேட்பது அதைத்தான்: 'தம்பி, எங்கட கடை முதலாவதா வருதோ?' 2019 செப்ரெம்பர் 30ஆம் திகதிக்குப் பிறகு அந்த எண் இல்லை. பதிலாகத் தந்த விகிதாசாரங்கள் அதைவிடத் துல்லியமானவை என்பது உண்மை. தொலைபேசியில் ஒரு மளிகைக் கடை முதலாளிக்கு அவற்றை விளங்கப்படுத்த முடியாது என்பதும் உண்மை.

அளவு மாற்றம் இன்னொரு வகை. ஆதியில் தலைப்புக்கு 25 எழுத்து, விளக்கத்துக்கு 35 எழுத்தில் இரண்டு வரி. 2016 யூலையில் 30 எழுத்தில் இரண்டு தலைப்பும் 80 எழுத்தில் ஒரு விளக்கமும் ஆனது. 2018இல் மூன்றாவது தலைப்பும் 90 எழுத்தில் இரண்டாவது விளக்கமும் சேர்ந்தன. 2022 யூன் 30உடன் அந்த வகையில் புதிதாக விளம்பரம் ஆக்குவதே நிறுத்தப்பட்டு, 15 தலைப்பு, 4 விளக்கம் வரை கொடுத்தால் கூகுளே பொருத்திப் பார்க்கும் வகை மட்டும் எஞ்சியது. நல்ல தலைப்பு ஒன்றை யோசித்து எழுதத் தெரிந்தவரிடம் 15 சுமாரான தலைப்பைக் கேட்பது முன்னேற்றம்தானா என்பதில் இவ்வாய்வுக்கு ஐயமுண்டு. தமிழில் விளம்பரம் எழுதுகிறவருக்கு இதில் தனிக் கணக்கு. நெளுக்குளம் என்பது இலக்கணப்படி ஆறு எழுத்து. நிரலில் நீளம் கேட்டால் 11 என்று வரும். ஒற்றைக்கொம்பு, உகரக் குறி, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறியீடு. தொல்காப்பியர் மெய்யும் உயிரும் சேர்ந்ததை ஓரெழுத்தாக எண்ணியது விளம்பரச் செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு அல்ல என்றாலும், அந்த எண்ணிக்கை ஏற்கப்பட்டிருந்தால் ஊர்ப் பெயரோடு கடைப் பெயருக்கும் கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைத்திருக்கும்.

காசின் அலகு இன்னும் விசித்திரம். கூகுள் இடைமுகத்தில் தொகைகள் மைக்ரோவில் சொல்லப்படும். ஒரு ரூபாய் பத்து இலட்சம் மைக்ரோ. ஒரு சொடுக்குக்கு 50 ரூபாய் கொடுக்கச் சம்மதம் என்றால் 50000000 என்று எழுத வேண்டும். மிச்சச் சில்லறைக்கு டொபி தரும் நாட்டில், சதத்தையே கண்ணால் கண்டு கனகாலமான நிரலாளர், ரூபாயைப் பத்து இலட்சமாகப் பிளந்து எண்ணுகிறார். பூச்சியம் ஒன்று கூடினால் வாடிக்கையாளர் கேட்பார்; குறைந்தால் விளம்பரம் யார் கண்ணிலும் படாது. மெட்டாவின் இடைமுகம் மைக்ரோ பேசுவதில்லை. அங்கே நாணயத்தின் சிற்றலகு. இரண்டிலும் வேலை செய்கிறவர் ஒன்றின் கணக்கை மற்றதில் எழுதாமல் இருப்பதற்கு எந்தப் பதிப்பும் உத்தரவாதம் தரவில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பதிப்பு நடைமுறையில் இருப்பது இந்தத் தொழிலுக்கு மட்டும் உரியதென்று வெளியார் நினைக்கக்கூடும். வன்னிக்கு இது பழகியது. 1996 மே மாதம், நீர் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, இலங்கை அரசு நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அதில் பாதியை மீட்டுக்கொண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய ஐந்தரை மணி நேர வலயத்திலேயே இருந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் வவுனியாவிலிருந்து ஓமந்தைச் சாவடி தாண்டி அப்பகுதிக்குப் போனவர் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போய் இறங்கினார். வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்தார். புதிய நேரமா பழைய நேரமா என்று கேட்காமல் யாரும் யாரையும் சந்திக்க ஒழுங்கு செய்யவில்லை. 2006 ஏப்ரிலில் அரசு மறுபடி ஐந்தரைக்கே வந்தது. பழையதை விடாமல் வைத்திருந்தவரிடம் புதியது திரும்பி வந்த இந்த நிகழ்வை ஓமந்தைக் கோட்பாடு என்று பெயரிடலாம். நிரலாளர் சிலர் பழைய பதிப்பை மாற்றாமல் காத்திருப்பதற்கு உள்ளூர இந்தக் கோட்பாடே காரணம் போலும். ஆட்வேர்ட்ஸ் இடைமுகத்தில் அது பலிக்கவில்லை.

அது பலிக்காத நாள் 2022 ஏப்ரில் 27. பழைய இடைமுகம் அன்றோடு நிற்கும் என்று போதிய காலம் முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. கலிபோர்னியாவில் உட்கார்ந்து அந்தத் திகதியைக் குறித்தவர்களுக்கு அதன் இலங்கைப் பொருள் தெரிந்திருக்க நியாயமில்லை. மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரில் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் நின்ற நாணயம் மே மாதத்தில் 360 அளவுக்கு வந்தது. ஜெனரேற்றர் வைத்திருந்தவர் டீசலுக்கு வரிசையில் நின்றார். இடைமுகம் முழுவதும் வேறாக எழுதப்பட்டிருந்ததால் இது பெயர் தேடி மாற்றும் வேலையும் அல்ல. கேட்கும் மொழியே புதிது. கரண்ட் இருக்கும் மணித்தியாலங்களில் நிரல் எழுதி, இல்லாத மணித்தியாலங்களில் கைபேசி வெளிச்சத்தில் தாளில் எழுதிப் பார்க்கும் முறை மென்பொருள் பொறியியல் பாடநூல்களில் இடம்பெறவில்லை; சேர்க்கப்பட வேண்டியது.

நேர வித்தியாசமும் கவனிக்கத்தக்கது. பதிப்பு நிற்கும் நாளைப் பசிபிக் நேரப்படி எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் நள்ளிரவு, அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில், நெளுக்குளத்தில் பகல் 12.30, மற்ற மாதங்களில் 1.30. அமெரிக்கருக்கு ஆளில்லாத வேளை இங்கே சோற்றுக்கு இருக்கும் வேளை.

மெட்டாவின் நிலைமை வேறு. 2014இல் பேஸ்புக் தன் பொது இடைமுகத்தின் அடிப்படைப் பகுதிக்கு இரண்டு வருட உறுதி கொடுத்தது. விளம்பர இடைமுகம் அந்த உறுதிக்குள் வரவில்லை. அதற்கு 90 நாள் அவகாசமே இருந்தது. இலவசமாகப் பாவிப்பவருக்கு இரண்டு வருடம், காசு கட்டுகிறவருக்கு மூன்று மாதம் என்ற இந்த ஒழுங்கின் தர்க்கத்தை விளக்க இவ்வாய்வு முயலவில்லை. 2021 ஏப்ரிலில் அப்பிள், செயலிகள் பயனரைப் பின்தொடர முன் அனுமதி கேட்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது வேறு வகை மாற்றம்: மாற்றியது மூன்றாமவர், திருத்தியது மெட்டா, பழி நிரலாளருக்கு. விளம்பரத்தால் வந்த விற்பனையை 28 நாள் வரை எண்ணிய கணக்கு 7 நாளாகச் சுருங்கியபோது, கடையில் யாவாரம் குறையாமலே அறிக்கையில் குறைந்தது.

மாற்றத்தை அறியும் வழிகளில் அறிவித்தலை வாசித்து அறிவது உத்தமம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அறிவித்தல்கள் நீளமானவை. மேலே புதிதாக வந்த நன்மைகள் மகிழ்ச்சியோடு விரிந்திருக்கும், நிரலை உடைக்கப்போகும் வரி நடுவில் எங்கோ கிடக்கும். கைகண்ட நிரலாளர் நன்மைகளைத் தாண்டி, நீக்கப்பட்டது என்ற சொல்லைத் தேடிப் பிடித்து அங்கிருந்து வாசிக்கிறார். மத்திமம், அதே தொழிலில் உள்ள கூட்டாளி சொல்லக் கேட்பது. அதமம், பிழைச் செய்தியால் அறிவது. பெரும்பாலான அறிவு மூன்றாம் வழியாலேயே வருகிறது. நேற்றுவரை ஓடிய நிரல் இன்று விழும். திறந்து பார்த்தால், இந்தப் பதிப்பு வழக்கொழிந்தது, இதற்கு வரும் கோரிக்கைகள் மறிக்கப்படும் என்று ஒரு வரி இருக்கும். கோபமில்லாத, விளக்கமில்லாத வரி. அதைக் கண்ட நிரலாளர் முதலில் செய்வது மின்னஞ்சலைத் திறந்து, அந்த நிறுவனம் அனுப்பிய நினைவூட்டல்களை எண்ணிப் பார்ப்பது. எல்லாம் வந்திருக்கும். விளம்பரக் கடிதங்கள் போய் விழும் பெட்டிக்குள், விளம்பர நிறுவனத்தின் கடிதம் என்பதால், விழுந்து கிடக்கும்.

எஞ்சியிருப்பது கூலி. வாடிக்கையாளர் கண்ணால் காணும் எதுவும் மாறாமல் இருப்பதே பின்தொடர்தல் சரியாக நடந்ததற்கு அடையாளம். ஆகவே சரியாகச் செய்தவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. இரண்டு கிழமை இருந்து நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு லண்டன் முதலாளியிடம் கணக்குச் சொன்னால், 'முந்தியும் விளம்பரம் போனதுதானே தம்பி, இப்பவும் போகுது. பிறகென்ன புதுசாச் செய்தனீர்?' என்பார். நியாயமான கேள்வி. ஒருநாள் விட்டுப் பார்த்து விளம்பரம் நின்றபின் திருத்திக் கொடுத்தால் அதே முதலாளி நன்றி சொல்லிக் காசும் அனுப்புவார். ஆனால் அடுத்த மாதம் வேறு ஆளையும் தேடுவார். ஆகவே நடைமுறையில் நிலைத்த வழி, பில்லில் மாதாந்தப் பராமரிப்பு என்று ஒரு வரி சேர்ப்பது. தொகை, முதலாளி வாசிக்காமல் தாண்டிப்போகும் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். பதிப்பு மாறாத மாதத்திலும் அந்த வரியை விடக்கூடாது. ஒரு மாதம் விட்டால், மாறும் மாதத்தில் அது புதுச் செலவாகத் தெரிந்து விளக்கம் கேட்கப்படும்.