நான் நிக்கிறன் தானே

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வாங்கப் புறப்படுகிறவருக்குக் காசு வேண்டும், நாள் வேண்டும், அண்ணை வேண்டும். காசு போதாவிட்டால் லீசிங் கொம்பனிகள் வீடு தேடி வரும். நாள் சரியில்லாவிட்டால் பஞ்சாங்கத்தைப் புரட்டி வேறு நாள் பார்க்கலாம். அண்ணைக்கு மட்டும் மாற்று இல்லை.

அண்ணை மெக்கானிக் இல்லை. புரோக்கர் என்று சொன்னால் அன்று முழுக்க முகங்கொடுத்துப் பேசமாட்டார். “சும்மா ஒரு உதவிக்கு வாறனான்” என்பார். அந்த உதவிக்கு வாங்குகிறவர் ஏதோ வைப்பார். விற்கிறவரும் ஏதோ வைப்பார். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வது அண்ணையின் சேட்டுப் பொக்கற்றுக்குள்தான்.

இவருக்கு இந்த மதிப்பு சும்மா வந்ததில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் போனபோது, ஓர் ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றை மண்ணெண்ணெயில் ஓட்டியவர் அவர். கார்பரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தக் காலத்து இங்கிலீசுக் கார்களின் அமுக்கம் குறைந்த எஞ்சின்தான் அதைச் சகித்துக்கொண்டது. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு அந்தக் கார் ஆஸ்பத்திரிக்கு நோயாளியையும் கோயிலடிக்கு மாப்பிள்ளையையும் கொண்டுபோய் இறக்கியது. அதில் கிண்டலுக்கு ஒன்றுமில்லை. வில்லங்கம் என்னவென்றால், அன்று தொடக்கம் உலகத்திலுள்ள எல்லாக் காரும் அண்ணைக்கு ஏ40 தான்.

வங்கியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் 2019இல் கொழும்பிலிருந்து வந்து நின்ற சிவப்பு நிற மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றைக் கண்டு மயங்கினார். அண்ணைக்கு அழைப்புப் போனது.

அண்ணை காரை ஒருதரம் வலம் வந்தார். பிறகு பொக்கற்றிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. விளிம்பில் இன்னும் கறுப்புக் கடதாசி ஒட்டியிருக்கும். பெயின்றுக்குக் கீழே பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது என்பது கராச்சுகளில் சின்னப் பெடியனுக்கும் தெரிந்த பரீட்சை. முன்கதவில் ஒட்டியது. பொனற்றில் வைத்தார், வழுக்கி விழுந்தது. துடைத்து வைத்தார். திரும்பவும் விழுந்தது.

“தம்பி, முன்பக்கம் முழுக்கப் பட்டி. பெரிய அடி.”

“ஐயா, இந்தக் காருக்குப் பொனற் அலுமினியம். கொம்பனியே அப்பிடித்தான் செய்யிறது” என்றார் விற்கிறவர். அவர் சொன்னது உண்மை. பாரத்தைக் குறைக்க மஸ்டா அப்படித்தான் செய்தது.

“அலுமினியம் சட்டி பானைக்கு. ஆருக்குக் கதை விடுறியள்?”

அரை மணித்தியாலத்தில் விலை இறங்கியது. விசயம் தெரிந்த ஒருவரால் இப்படிப் பேரம் பேசவே முடியாது.

பொனற்றைத் திறந்ததும் அண்ணை எஞ்சினைத் தேடினார். கையளவில் ஏதோ ஆழத்தில் கிடந்தது.

“எத்தினை சீசி?”

“1300.”

“எங்கட ஏ40 1200. நூறு சீசிதான் கூட. இதிலை பாக்க என்ன கிடக்கு?”

அந்த எஞ்சினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. மாலு பணிஸ் வடிவத்தில் இரண்டு சுழலிகள் சுற்றும். நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும் வகையும் உண்டு. ஒவ்வொரு மூலையிலும் அப்பெக்ஸ் சீல் என்று ஒரு சிறு துண்டு. அது தேய்ந்தால் அமுக்கம் போகும். அமுக்கம் போனால் எஞ்சினைத் திறக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற 2004 முதல் 2008 வரையான ஆர்எக்ஸ்-8களுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 100,000 மைல் என்று மஸ்டாவே நீட்டிக் கொடுத்தது. தம்பி இதைப் போனில் வாசித்துக் காட்டினார்.

“கொம்பனிக்கே யோசினை இருந்திருக்குப் போலை, அண்ணை.”

“அமெரிக்காக்காரனுக்கு எட்டு வருசம். உமக்கு நான் ஆயுளுக்கும் வொறண்டி தாறன். நான் நிக்கிறன் தானே!”

கார் வீட்டுக்கு வந்து முதல் ஞாயிறு, கழுவுவதற்காக மாமரத்தடியிலிருந்து கிணற்றடிக்கு நாலு முழம் நகர்த்தி நிறுத்தினார்கள். பிறகு ஸ்ரார்ட் வரவில்லை. குளிர்ந்த எஞ்சினை இப்படிச் சொட்டு நேரம் ஓட்டி நிறுத்தினால் பிளக் பெற்றோலில் நனைந்துவிடும். இந்தக் காரின் பேர்போன குணம் அது. அண்ணை வந்து பார்த்தார். “கண்ணூறு, தம்பி. சிவப்புக் கார் எல்லே!” தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கட்டப்பட்டன. பிளக்கைக் கழற்றிக் காயவைத்தபின் கார் ஓடியது. பெயர் தேசிக்காய்க்குப் போனது.

ஒயில் குறைகிறது என்றார் தம்பி. “அது குடிக்கத்தான் செய்யும்” என்றார் அண்ணை. அவர் சொன்ன சரியான தொழில்நுட்பக் கூற்று இது ஒன்றுதான், அதுவும் தற்செயலாக: சீல்கள் தேயாமலிருக்க இந்த எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் எரிக்கும்படியே செய்யப்பட்டது. காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் சூட்டில் ஸ்ரார்ட் வராது. அமுக்கம் போவதற்கு இது முதல் அடையாளம். “எஞ்சினும் ஆறட்டுமன்” என்று அண்ணை இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னார். கோண்டாவில் கராச்சில் சாதாரண மீற்றரால் அமுக்கம் பார்த்தார்கள், நல்லாய்க் காட்டியது. சுழலிக்கு முகம் மூன்று. அந்த மீற்றர் மூன்றில் நல்ல முகத்தை மட்டும் காட்டும். கலியாணத் தரகர்களும் அப்படித்தான்.

கடைசியில் எஞ்சினைத் திறக்கவேண்டும் என்றானது. சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடி, அங்கே இல்லாமல், வெளிநாட்டிலிருந்து எடுக்கவேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்ட தம்பியின் அம்மா, “அந்தக் காசுக்குத் தண்ணி இறைக்கிற மிசின் ஆறு வாங்கலாம்” என்றார். அப்போதுதான் ஆயுள்கால வொறண்டியின் சின்ன எழுத்துகள் வெளியே வந்தன. ரப்பர் சாமானுக்கு இல்லை. வயர் சாமானுக்கு இல்லை. தேய்மானத்துக்கு இல்லை. “நான் பாக்கேக்கை நல்லாத்தான் இருந்தது.” “நீர் ஓட்டின விதம் அப்பிடி.”

ரொறன்ரோவிலிருந்து தம்பியின் தமையன் போனில் துள்ளினார். அங்கே காசு கட்டி வாங்கும் நீட்டிய உத்தரவாதத்தை அவர் வாசித்துப் பார்த்தவரா தெரியாது. தேய்மானம் சேராது, சேவிஸ் பற்றுச்சீட்டு இல்லையென்றால் இல்லை, முதலில் இவ்வளவு நீ கட்டு, இதற்கு மேல் நாங்கள் கட்டோம் என்று அதுவும் நாலு பக்கம் போகும். கண்ணூறு ஒன்றுதான் அதில் கிடையாது.

அண்ணைக்கு நியாயம் செய்ய வேண்டும். நிக்கிறன் என்றவர் நின்றார். கார் நின்ற இடமெல்லாம் வந்து நின்றார். மழையில் தள்ளினார், பொன்னாலைச் சந்தியில் லாண்ட்மாஸ்ரர் பிடித்துக் கட்டி இழுத்து வந்தார். எந்தக் கொம்பனி இதைச் செய்யும்? காசு மட்டும் தரவில்லை.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. புதிது வராத நாட்டில் பழசுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறியது. ஓடாத காருக்கும் ஆள் வந்தது. “வாங்கின விலைக்கு மேலை விக்கலாம் எண்டு அப்பவே சொன்னனான்” என்று அண்ணை ஊர் முழுக்கச் சொன்னார். சொன்னதும் உண்மைதான், எல்லாக் காருக்கும் சொல்வார். 2022இல் பெற்றோல் வரிசை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து கொடுத்த காலத்தில், மாமரத்தடியில் பேசாமல் நின்ற ஆர்எக்ஸ்-8ஐப் போலச் சிக்கனமான கார் ஒழுங்கையில் இருக்கவில்லை.

2023இல் பருத்தித்துறையிலிருந்து ஒரு பெடியன் பார்க்க வந்தான். அவனும் ஓர் அண்ணையைக் கூட்டிவந்திருந்தான். அவரிடமும் காந்தம் இருந்தது. அது பொனற்றில் வழுக்கி விழுந்தது.

“அலுமினியம்” என்றார் எங்கள் அண்ணை, பொறுமையாக. “கொம்பனியே அப்பிடித்தான் செய்யிறது.” பிறகு கதவைத் திறந்து பெடியனை உள்ளே இருத்தினார். “மீற்றரைப் பாரும். நாலு வருசம் ஒரே ஆள் வைச்சிருந்தது. இவ்வளவு குறைய ஓடின கார் உமக்கு வடமாகாணத்திலை கிடையாது.”