கிழிசலுக்குத் தனி விலை

டோக்கியோவின் ஷிமோகிடசாவாவில் பழந்துணிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளே குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள். முழங்கால் கிழிந்த ஜீன்ஸுக்கு மற்ற கடைகளில் தள்ளுபடி; இங்கே கிழிசலுக்கும் சேர்த்தே விலை.

நெவாடாவில் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், கூலித் தொழிலாளியின் கால்சட்டை கிழியக் கூடாதென்று பாக்கெட் மூலைகளில் செப்புக் குமிழ் அடித்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873-இல் காப்புரிமையும் வாங்கினார். பாவம், கிழிந்தால்தான் காசு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

லீவைஸ் ஜீன்ஸில் பின்பாக்கெட்டின் சிவப்புப் பட்டையில் பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்திலா? அப்படியானால் 1971-க்கு முந்தைய சரக்கு. பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு வேறு சோதனை. 1958-இன் அமெரிக்க அளவு அட்டவணைப்படி, 8-ஆம் எண் உடைக்கு இடுப்பு 23.5 அங்குலம். இன்றைய 8-ஆம் எண்காரர் அதற்குள் நுழைந்தால் மூச்சு வெளியே நிற்கும். உடம்பு பெருக்கப் பெருக்க எண்ணைச் சுருக்கிய வியாபாரிகளின் கருணையே கருணை!

இன்றைய மலிவுச் சட்டைகளுக்கு இந்த யோகம் வாய்க்காது. நாலு சலவையைத் தாண்டினால்தானே அவை பழசாவதற்கு?