வேகவியல்: மலிவுக் கணினியில் ஃபோட்டோஷாப் ஓட்டுதல் பற்றிய ஓர் உரை

4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் கொண்ட வீட்டுக் கணினியில் ஃபோட்டோஷாப் ஏன் நகர மறுக்கிறது என்பது குறித்து அறிஞர் பல கூறுவர். ரெஃப்ரெஷ் மரபினர் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷை விடாது அழுத்துவர். ஐகான்கள் கண்சிமிட்டும். கணினி இளைப்பாறிற்று என்பது அவர் துணிபு. அது பொருந்தாது. என்னை? ரெஃப்ரெஷ் டெஸ்க்டாப்பை மறுபடி வரையுமேயன்றி, ஃபோட்டோஷாப் பிடித்துவைத்திருக்கும் ரேமில் ஒரு பைட்டையும் விடுவிக்காது. அழுத்துவோரின் ரத்தக்கொதிப்பு தணிவதால் இதனை மருத்துவத்தின்பாற் படுத்துக.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவைப்பார் ஒரு சாரார். இவரை நகைத்தல் கூடாது. பிராசசர் அளவு மீறிச் சூடானால், கருகாதிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; ஆதலின் சித்திரை வெயிலில் இவர் கூற்றுப் பாதி மெய். ஆனால் ஆயுத பூஜையன்று கேபினெட்டுக்கு வெளியே சந்தனப் பொட்டு வைக்கும் இவர்கள், உள்ளே ஹீட்சிங்கில் கம்பளிபோல் படிந்த தூசியைத் தொடுவதில்லை.

இனி உண்மைக் காரணம். காதணி விழா ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கொள்க. அளவு பத்துக்கு எட்டு அடி. "தம்பி, குவாலிட்டி குறையக்கூடாது" என்கிறார் விழாக்காரர். தம்பி ரெசல்யூஷனை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைக்கிறார். அகலம் 36,000 பிக்சல், உயரம் 28,800. பெருக்கினால் 103 கோடியைத் தாண்டும். சிஎம்ஒய்கே-யில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 415 கோடி பைட். முழுதும் நிரம்பிய ஒரு லேயருக்கே ரேம் தீர்ந்தது. தாய்மாமன்மார் இன்னும் வரவில்லை. பிஎஸ்டி கோப்போ ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது. அதே பேனரை 72-இல் செய்தால் சுமார் 24 கோடி பைட். அதாவது பதினேழில் ஒரு பங்கு. பஸ்ஸில் போகிறவர் மாமனின் மீசை மயிரை எண்ணப்போவதில்லை. மாமன் படமும் வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்தது. 300 அல்ல, 3,000 வைத்தாலும் அதில் இல்லாத மயிர் முளைக்காது.

ரேம் தீர்ந்தபின் ஃபோட்டோஷாப் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று டிரைவில் எழுதி எழுதிப் படிக்கும். ஹார்டு டிஸ்க்கில் ஒரு முள் உண்மையாகவே முன்னும் பின்னும் ஓட வேண்டும். கறக் கறக் என்ற ஓசை எழும். ஜன்னல் வெளிறி, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' தோன்றும். அவ்வமயம் ஆத்திரத்தில் கிளிக் செய்வன யாவும் வரிசையில் காத்திருந்து, பின்னர் ஒருசேர நிறைவேறும். இது கண்டு அஞ்சி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 70 விழுக்காடாக இருக்கும் மெமரிப் பங்கை 100 ஆக்குவாரும் உளர். அது விண்டோஸைப் பட்டினி போடுதலாம். விண்டோஸும் அதே டிஸ்க்கில் எழுதத் தொடங்க, முள்ளுக்கு இரட்டை வேலை.

எனவே கையிற் காசு சிறிதாயின் முதலில் எஸ்எஸ்டி வாங்குக. அதில் ஓடுதற்கு முள்ளே இல்லை. அடுத்தது ரேம். கிராஃபிக்ஸ் கார்டு கடைசி. சில வேலைகளுக்கே அது உதவும், மற்றபடி பையன் கேம் ஆடுவான். காசே இல்லையெனின் ஹிஸ்டரி ஸ்டேட்டை 50-இலிருந்து 20 ஆக்குக. முப்பது கன்ட்ரோல் இசட் போகும், மனம் திடப்படுத்திக்கொள்க. எடிட் மெனுவில் நினைவைக் காலிசெய்யும் பர்ஜ் உண்டு, குரோமை மூடுதலும் உண்டு.

எஞ்சியது எழுத்துரு. பாமினி, வானவில், டாம், டாப் என நூற்றுக்கணக்கில் நிறுவியிருப்போர்க்கு ஃபோட்டோஷாப் திறக்கும்போதே மூச்சு வாங்கும். வேண்டாதவற்றை நீக்குக என்று எழுதிவிடலாம். எந்த டிசைனரிடமும் நேரில் சொல்ல இவ்வுரையாசிரியர்க்குத் துணிவில்லை.