பழைய மெத்தை என்று சொல்லி அனுப்பினார்கள்

எது நாகரிக நாடு என்று தெரிய வேண்டுமா? அங்கே குத்திய ஊசி கடைசியில் எந்த ஊரில் போய்க் கிடக்கிறது என்று பாருங்கள்.

1988-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி, நியூயார்க் கடற்கரைகளில் ஊசிகளும் ரத்தக் குப்பிகளும் கரை ஒதுங்கின. வெயில் காய வந்தவர்கள் ஓடினார்கள். விடுதிக்காரர்களின் கல்லா காய்ந்தது. அந்த ஆண்டே சட்டம் வந்துவிட்டது: மருத்துவக் கழிவு புறப்பட்ட இடம் முதல் போய்ச் சேரும் இடம் வரை பதிவு வேண்டும். சில மாநிலங்களுக்கு மட்டும், இரண்டே ஆண்டுக்கு. 1991-இல் அதுவும் காலாவதி. சீமான்கள் குளிக்கும் கரை சுத்தமாகிவிட்டதே, அப்புறம் எதற்குச் சட்டம்? ஆபத்தான கழிவை அடுத்த நாட்டில் கொட்டக் கூடாது என்கிற பேசல் உடன்படிக்கையில் அமெரிக்கா 1990-இல் கையெழுத்திட்டது. அதை அங்கீகரிக்கத்தான் இன்று வரை நல்ல நாள் அமையவில்லை.

பிரிட்டன் அப்படியல்ல, உடன்படிக்கையை முறைப்படி ஏற்ற கனவான். 2017 முதல் 2019 வரை அங்கிருந்து கொழும்புக்கு 263 கன்டெய்னர்கள் வந்தன. காகிதத்தில், மறுசுழற்சிக்கான பழைய மெத்தை, கம்பளம், விரிப்பு. திறந்தால் ஆஸ்பத்திரிக் கழிவு. பிணவறையிலிருந்து வந்த உடற்பாகங்களும் இருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். மொத்தம் சுமார் 3,000 டன். தேயிலையும் கறுவாவும் ரப்பரும் வாரிக்கொண்டு போனவர்கள் நன்றி மறக்கவில்லை பாருங்கள்! இலங்கையின் சுற்றுச்சூழல் அமைப்பொன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் கப்பல் திரும்பத் தொடங்கியது. 2020 செப்டம்பரில் 21 கன்டெய்னர்கள். கடைசி 45 கப்பலேற 2022 பிப்ரவரி. அதுவரை அந்த நாற்றத்துக்குக் காவல் இருந்தது கொழும்பு. தலைகீழாக யோசித்துப் பாருங்கள்: கொழும்பு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி மெத்தை வேஷத்தில் லண்டனில் இறங்கியிருந்தால், எத்தனை மணி நேரம் பொறுத்திருப்பார்கள்?

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போக ஆசைதான். நெல்லை விடமாட்டேன் என்கிறது. சுகாதாரத் தரவரிசையில் முதலிடம் வாங்கிய கேரளத்தின் ஆஸ்பத்திரிக் கழிவு, 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்துக் கோடகநல்லூரிலும் நடுக்கல்லூரிலும் குவியலாகக் கிடந்தது. திருவனந்தபுரத்து நோயாளிகளின் சீட்டுகள் அப்படியே உள்ளே. இந்தியாவில் 2016-இன் மருத்துவக் கழிவு விதிகள் இருக்கின்றன: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வகைக்கொரு நிறம், பைக்குப் பை பார்கோடு, சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கத் தடை. விதியை யாரும் மீறவில்லை என்றுகூட வாதாடலாம். 48 மணி நேரத்துக்குள் மலையைத் தாண்டிவிட்டதே!

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்துக்கு மூன்று நாள் கெடு வைத்தது. லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. இங்கே மேடைதோறும் மார் தட்டினார்கள். ஆனால் ராத்திரியில் வந்த லாரிக்கு எந்தப் பொட்டல், எந்தக் குளத்தங்கரை என்று எப்படித் தெரியும்? கொழும்பில் மெத்தை இறக்கியதும் உள்ளூர்க் கம்பெனிதான். நெல்லையில் கைதானவர்களிலும் நம்மூர்க்காரர்கள் இருந்தார்கள்.